கருவாட்டு அடக்கவிலையும் சாட்பாட்டும்: கடற்கரைக் கல்லூரி வணிகவியல் வகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பி.காம், பி.பி.ஏ., எம்.பி.ஏ. வகுப்பில் சாட்பாட்டை, அதாவது கேள்விக்கு உரையாடல்போலப் பதில் எழுதும் செயலியை, கொண்டுவர நினைக்கும் ஆசிரியர் எந்தப் பாட அலகில் அதை வைப்பது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். எந்தச் செயலி என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அதற்குப் பிறகு, "சந்தைப்படுத்தலின் முக்கியத்துவம் பற்றி ஐந்து பக்கம் எழுதுக" என்று அசைன்மென்ட் கொடுப்பவர் திருத்துவது மாணவரின் எழுத்தையா, இயந்திரத்தின் எழுத்தையா என்று அவருக்கே தெரியாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள கடற்கரை மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இணையத்தில் ஒழுங்காக எழுதப்படாத வியாபாரம் அவர்கள் வீட்டு வாசலிலேயே நடக்கிறது: ஏலம், தரகு, முன்பணம், கருவாடு, பாசி, நண்டு, கருப்பட்டி, குண்டு மிளகாய். இந்த எண்கள் சாட்பாட்டுக்குத் தெரியாது, மாணவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் கேட்டு வரலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வசதியின்மேல்தான் நிற்கின்றன.

படி 1: அலகைத் தேர்ந்தெடுத்தல்

அடக்கவிலைக் கணக்கு, விலை நிர்ணயம், பேரம், தொழில்முனைவு, ரொக்க ஓட்டம் ஆகியவை நன்றாகப் பொருந்தும். நிறுவனச் சட்டம், வரி, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றில் சாட்பாட்டை ஆசிரியராக உட்கார வைக்கக் கூடாது. அங்கே மாணவர்தான் அதைச் சோதிக்க வேண்டும். காரணம் எளிது. சாட்பாட் அடுத்து வரக்கூடிய சொல்துண்டைக் கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுகிறது. இணையத் தேடல் இயக்கப்படாத நேரத்தில் எந்தப் புத்தகத்தையும் அது புரட்டிப் பார்ப்பதில்லை. பழைய சட்டத்தைப் பற்றிய எழுத்து அதன் பயிற்சியில் மலைபோல் இருக்கும், புதிய திருத்தத்தைப் பற்றியது கையளவே இருக்கும். பழையதைத் தயக்கமே இல்லாமல் சொல்லும்.

படி 2: செயலி, கணக்கு, தனியுரிமை

சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் எதுவானாலும் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும். அறுபது பேர் வகுப்பை ஐவராகப் பன்னிரண்டு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு கருவி, ஒரு கணக்கு என்று வையுங்கள். அறுபது பேரும் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் நுழைந்தால் வேகம் படுத்துவிடும். முதலாண்டில் பதினெட்டு நிறையாதவர்களும் இருப்பார்கள் என்பதால், கணக்கு யார் பெயரில் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்புகளுக்குள் போய், உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தெரிவை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

படகு உரிமையாளரின் பெயர், கைபேசி எண், வங்கிப் புத்தகப் படம், கடன் சீட்டு எதுவும் செயலிக்குள் போகக் கூடாது. "படகு அ", "வியாபாரி 1" என்றே எழுத வேண்டும். இதை வெறும் அறிவுரையாகச் சொல்லி விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மீறினால் அந்தத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

தமிழில் பேசலாமா என்ற கேள்வி வரும். பேசலாம். ஆனால் செயலி எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக எண்ணுகிறது, அதே விஷயம் தமிழில் கூடுதல் துண்டாகும். இலவச அளவு சீக்கிரம் தீரும், நீளமான தாளை ஒட்டினால் முன்பகுதியை விட்டுவிடவும் கூடும். எண்களைச் சிறு பட்டியலாகவும் பேச்சைத் தமிழிலும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

படி 3: கரைத் தாள்

இதுதான் மொத்த வேலையின் முதுகெலும்பு. குழுவுக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: தேதி, இறங்குதுறை, மீன் பெயர், அளவை (கிலோவா, கூடையா, பெட்டியா), அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை, தரகு எத்தனை சதவீதம், ஐஸ் செலவு, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், வண்டி வாடகை. கூடை, பெட்டி என்று வந்தால் அதில் எத்தனை கிலோ பிடிக்கும் என்பதையும் அங்கேயே கேட்டு எழுத வேண்டும். கல்லூரிக்கு வந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

மீன் பெயரில் கவனம் தேவை. ஒரே மீனுக்குத் தொண்டியில் ஒரு பெயரும் கீழக்கரையில் இன்னொன்றும் இருக்கலாம். உள்ளூர்ப் பெயரோடு, வாங்கும் கம்பெனி சீட்டில் எழுதும் பெயரையும் குறித்துவரச் சொல்லுங்கள். சூடை, காரல் என்று மட்டும் தட்டினால் சாட்பாட் வேறு மீனை எடுத்துக்கொண்டு அதன் விலையைப் பேச ஆரம்பித்துவிடும்.

ஏலம் சூடாக நடக்கும்போது குறுக்கே நின்று கேள்வி கேட்கக் கூடாது. ஏலம் முடிந்து ஐஸ் போட்டு அடுக்கும் நேரத்தில் போய், "அண்ணே, காலேஜ் வேலைக்கு, பேரு எழுத மாட்டோம்" என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் சில நாள்தான் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும், விலையும் வேறு. ஏப்ரலில் தேர்வு, ஜூனில் விடுமுறை என்று போகும் கல்லூரிக் காலத்துக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் தோதானவை.

படி 4: முதல் பயிற்சி, கருவாட்டின் அடக்கவிலை

எல்லாக் குழுவுக்கும் முதலில் ஒரே மாதிரிக் கணக்கு கொடுங்கள். எண்கள் வகுப்புக்காக எடுத்துக்கொண்டவை: பச்சை நெத்திலி 100 கிலோ, கிலோ ரூ.60. உப்பு ரூ.200. கூலி ரூ.800. வண்டி ரூ.200. காய்ந்த பின் 25 கிலோ. பொட்டலச் செலவு கருவாடு கிலோவுக்கு ரூ.12.

மீன் 6,000, உப்பு 200, கூலி 800, வண்டி 200, பொட்டலம் 300, ஆக 7,500. இருபத்தைந்தால் வகுத்தால் கிலோ அடக்கம் ரூ.300.

இப்போது "காய்ந்த பின் 25 கிலோ" என்ற வரியை எடுத்துவிட்டு, பொட்டலத்துக்கு மொத்தம் ரூ.300 என்று மட்டும் வைத்து, அதே கணக்கைச் சாட்பாட்டிடம் கேட்கச் சொல்லுங்கள். சில குழுக்களுக்கு ரூ.75 என்று வரும், அதாவது 7,500-ஐ நூறால் வகுத்துவிட்டது. சிலவற்றுக்கு அதுவே ஏதோ ஒரு காய்ச்சல் விகிதத்தைக் கற்பனை செய்துகொண்டு வேறு விடை தரும். சில நேரம் "எடை இழப்பு எவ்வளவு?" என்று சரியாகத் திருப்பிக் கேட்கவும் செய்யும். மூன்றையும் பலகையில் எழுதுங்கள். காயும்போது எடை குறையும் என்று வீட்டில் கருவாடு போடும் மாணவி சொல்லிவிடுவாள். எடை இழப்பு அடக்கவிலையை எப்படி நான்கு மடங்காக்குகிறது என்று புரியவைக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

பிறகுதான் சொந்தத் தாளின் எண்கள். அப்போது கொடுக்க வேண்டிய ப்ராம்ப்ட், அதாவது சாட்பாட்டுக்கான கட்டளை, இதோ, அப்படியே எழுதிக்கொள்ளலாம்:

"நீ அடக்கவிலைக் கணக்கு ஆசிரியர். கீழே உள்ள எண்களை மட்டும் எடுத்துக்கொள். இல்லாத எண்ணை நீயாக நிரப்பாதே. 'தரவு இல்லை' என்று எழுதி என்னிடம் கேள். விடையைச் சொல்லாதே. நான் என் கணக்கை வரிவரியாக எழுதுவேன். தவறான வரியை மட்டும் சுட்டி, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேள்."

நான்கைந்து சுற்று இது கட்டுப்பாடாக நிற்கும். உரையாடல் நீண்டு, மாணவர் "சும்மா விடையைச் சொல்லிடு" என்று நச்சரித்தால் இளகிவிடும். கேட்டவரைத் திருப்திப்படுத்துவதற்கே பழக்கப்பட்ட இயந்திரம் அது. ஒவ்வொரு கணக்குக்கும் புது உரையாடல் திறப்பதும், நீண்டு போனால் ப்ராம்ப்ட்டை மறுபடி ஒட்டுவதும்தான் வழி.

கூட்டல், பெருக்கல் அனைத்தையும் கால்குலேட்டரிலோ எக்செல்லிலோ ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். முறையைச் சரியாகச் சொல்லிவிட்டு எண்ணில் சறுக்குவதும் சாட்பாட்டிடம் உண்டு.

படி 5: முன்பணக் கணக்கு

வகுப்பு தயாரான பிறகு இதைக் கொடுங்கள். எம்.பி.ஏ.வுக்கு நேராக இதிலேயே தொடங்கலாம். ஒரு விசைப்படகுக்காரர் வியாபாரியிடம் ரூ.3,00,000 முன்பணம் வாங்கியிருக்கிறார், வட்டி கிடையாது. பதிலுக்கு மீனை அவருக்கே, ஏல விலையைவிடக் கிலோவுக்கு ரூ.5 குறைத்துக் கொடுக்க வேண்டும். மாதம் பன்னிரண்டு நடை, நடைக்கு 125 கிலோ. இந்தக் கடனின் உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு?

சாட்பாட்டிடம் பொத்தாம்பொதுவாகக் கேட்டால், வட்டியில்லாக் கடன் என்பதால் சாதகமானது என்று தொடங்கும் பதில் வரக்கூடும். எண்களைக் கொடுத்து விலைக் குறைப்பைக் கணக்கிடச் சொன்னால் மாதம் 1,500 கிலோ, 7,500 ரூபாய், ஆண்டுக்கு 90,000, ஆக 30 சதவீதம் என்று வரும். அதுவும் தவறுதான். தடைக்காலம் இரண்டு மாதத்தைத் தின்றுவிடுகிறது. பத்து மாதத்துக்கு 75,000, ஆக 25 சதவீதம். தடைக்காலத்தைச் சொல்லிக் கொடுக்காமல் எத்தனை குழு அதைத் தானாகக் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். அதையே நாட்டுப்படகுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி, ஏனெனில் அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்கும் கூடுதல் முன்பணம் இந்தச் சதவீதத்தை என்ன செய்யும் என்பதை வீட்டுப் பாடமாக விடலாம்.

வியாபாரியைக் கொள்ளைக்காரராக்கிக் கட்டுரை எழுதும் ஆர்வம் மாணவர்களுக்கு வரும், சாட்பாட்டும் தலையாட்டும். எஞ்சின் பழுதான இரவில் ஈடு கேட்காமல் பணம் தருவது யார், வங்கிக்கு அந்த இரவில் எத்தனை காகிதம் வேண்டும் என்ற பக்கத்தையும் எழுதினால்தான் அது வணிகவியல் பதில்.

பாசி வளர்ப்பிலும் இதே கண்ணி இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசிக்கு ஒரு சுற்று 45 நாள். சாட்பாட் 365-ஐ 45-ஆல் வகுத்து ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று வருமானக் கணிப்பு போட்டுவிடும். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மிதவை நிற்காது. எத்தனை சுற்று நிஜத்தில் கிடைக்கிறது என்பதை வளர்ப்பவரிடம் கேட்டு, இரண்டு கணிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

படி 6: பேரம்

சாட்பாட் நிஜமாகவே பிரகாசிக்கும் இடம் இது. நண்டுக் கம்பெனியின் கொள்முதல் மேலாளராக அதை நடிக்க வைக்கலாம். விற்பவர் மாணவர், பொருள் ஓலக்கால் நண்டு. மாணவர் கையில் உள்ள சீட்டு: வேறொரு வியாபாரி கிலோ ரூ.410 தரத் தயார், பணம் பத்து நாளில். சாட்பாட்டுக்கான சீட்டு: தொடக்க விலை ரூ.380, உச்சம் ரூ.440, வேண்டுமானால் ஐஸ் இலவசம், உடனடிப் பணம் என்று கொடுக்கலாம். விலைகள் பயிற்சிக்கானவை, கரைத் தாளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சாட்பாட்டின் சீட்டை விற்கும் குழு பார்க்கக் கூடாது. எனவே பக்கத்துக் குழு மாணவர் ஒருவர் அதைத் தட்டி, திரையைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு இயக்க வேண்டும். விற்பவரே இயக்கினால், "உன் உச்ச விலை என்ன?" என்று கேட்டு வாங்கிவிடுவார், அதுவும் பல நேரம் ஒப்பித்துவிடும்.

ப்ராம்ப்ட்டில் மூன்று கட்டளை அவசியம். ஒன்று, எதிரில் இருப்பவர் காரணமோ மாற்றுச் சலுகையோ சொல்லாமல் விலை ஏற்றாதே. இரண்டு, ஒரு சுற்றில் ரூ.5-க்கு மேல் ஏறாதே. மூன்று, இரண்டு வரிக்கு மேல் பேசாதே. இவை இல்லாவிட்டால், மாணவர் "எங்களுக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்று சொன்ன உடனே 440-க்குத் தாவி, இரு தரப்புக்கும் நன்மை என்று வாழ்த்தும் சொல்லும். அப்படியொரு கொள்முதல் மேலாளர் மண்டபத்தில் ஒரு வாரம் தாங்க மாட்டார். பேச்சுத் தமிழில் பேசு என்று சொன்னாலும், "தங்களின் முன்மொழிவைப் பரிசீலிக்கிறேன்" என்றோ சினிமாச் சென்னைத் தமிழிலோதான் வரும். அதை மாற்ற மெனக்கெட வேண்டாம், பேரத்தின் எலும்பு சரியாக இருந்தால் போதும்.

பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்துங்கள். முடிந்த விலையைவிட, எந்த வரியில் விலை நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்பதை மாணவர் உரையாடலில் அடிக்கோடிட்டுக் காட்டுவதுதான் பாடம். பணம் வரும் நாளைப் பேசாமல் விலையை மட்டும் பேசிய குழுக்கள்தான் அதிகம் இருக்கும்.

படி 7: சரிபார்ப்புப் பட்டியல்

ஒவ்வொரு குழுவும் சாட்பாட் சொன்ன ஐந்து உண்மைக் கூற்றுகளை எடுத்து, எதிரே எங்கே சரிபார்த்தோம், சரியா, தவறா, எந்தத் தேதியில் பார்த்தோம் என்று எழுத வேண்டும். இன்னொரு சாட்பாட்டைக் கேட்டது சரிபார்ப்பு ஆகாது. அரசாணை, துறையின் இணையதளம், அல்லது வியாபாரியின் சீட்டு வேண்டும்.

பழக்குவதற்கு மூன்று நல்ல கேள்விகள் உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழிலின் வரையறை என்ன? 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலுக்கு முதலீடு ரூ.2.5 கோடி, விற்றுமுதல் ரூ.10 கோடி வரை. 2020-இல் வந்த ஒரு கோடி, ஐந்து கோடி என்ற எல்லையைச் சாட்பாட் இன்னும் சொன்னால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இரண்டாவது ஜி.எஸ்.டி. அடுக்குகள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு அடுக்குக்குள் வந்துவிட்டன, 12-ஐயும் 28-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால் பழைய பாடம். மூன்றாவது, மன்னார் வளைகுடாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தகுந்த கடல்பொருள்கள் எவை? பட்டியலில் கடல் அட்டை வந்தால் வகுப்பை நிறுத்திப் பேசுங்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட உயிரினம், வைத்திருந்தாலே வழக்கு. வேறு நாடுகளில் அது சட்டப்படியான வியாபாரம், அந்த எழுத்தைப் படித்துவிட்டு இயந்திரம் இங்கே ஒப்பிக்கிறது. தொழில் சூழல் என்ற அலகை இதைவிடக் கூர்மையாக நடத்த முடியாது.

படி 8: மதிப்பெண்

அகமதிப்பீட்டில் இதற்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கினால், கரைத் தாளுக்கு 3, சரிபார்ப்புப் பட்டியலுக்கு 4, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 3. அறிக்கைக்கு மதிப்பெண்ணே இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. அறிக்கை இல்லாவிட்டால் வைவாவுக்கு உட்கார முடியாது, அவ்வளவுதான். அழகான அறிக்கையைத்தான் சாட்பாட் இலவசமாகத் தருகிறதே!

வைவாவுக்குக் குழுவுக்குப் பத்து நிமிடம். பன்னிரண்டு குழுவுக்கு இரண்டு மணி நேரம், அதாவது இரண்டு மூன்று பாடவேளை. சீட்டுக் குலுக்கி இருவரைக் கூப்பிட்டு, "மீன் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் உங்கள் அடக்கம் என்ன?" என்று கேளுங்கள். நெத்திலிக் கணக்கில் விடை ரூ.340. பத்து ரூபாய்தான் ஏறும், ரூ.310 என்று சொன்னவர் கணக்கைச் செய்யவில்லை.

இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மதிப்பெண் குறைக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் மூடிவிட்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்தக் கருவிகளால் இயந்திர எழுத்தாகத் தவறாக முத்திரை குத்தப்படுவதைக் காட்டினார்கள். தமிழ் வழியில் பள்ளி முடித்து, எளிய ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைதான் இதில் முதலில் மாட்டும்.

மின்சாரமோ சிக்னலோ போனால்

போகும். அதனால் முந்தைய நாளே இரண்டு உரையாடல்களை நீங்களே நடத்தி அச்செடுத்து வையுங்கள். ஒன்று சரியான விடையோடு, இன்னொன்று எடை இழப்பை மறந்த விடையோடு. எது எது என்று சொல்லாமல் குழுக்களுக்குக் கொடுத்தால், சரிபார்ப்புப் பயிற்சி தாளிலேயே முழுதாக நடக்கும். கையில் கருவி இல்லாத மாணவருக்கும் இதுவே நல்ல வழி.

ஆசிரியர் தம் வேலைக்குப் பயன்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. ஒரே கணக்கைப் பன்னிரண்டு குழுவுக்குப் பன்னிரண்டு எண் தொகுப்பாக மாற்றித் தரச் சாட்பாட் நன்றாக உதவும், விடைகளை மட்டும் எக்செல்லில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பல்தேர்வு வினா கேட்டால் நீளமான தெரிவே சரியான விடையாக அமைந்துவிடுவது அதிகம். அதை மாணவர்கள் இரண்டாவது தேர்விலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பருவம் முடியும்போது கரைத் தாள்களை இறங்குதுறை வாரியாகப் பிரித்து, தேதியோடு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அடுத்த அணி வரும்போது தடைக்காலத்துக்கு முன் விலை, பின் விலை, தீபாவளி வார விலை என்று ஒப்பிட உங்கள் கல்லூரியிடமே சொந்தத் தரவு இருக்கும். அதிலிருந்து முதல் கேள்வியாக, சென்ற ஆண்டுத் தாளின் மீன் விலையைச் சாட்பாட்டிடம் ஊகிக்கச் சொல்லி, எத்தனை ரூபாய் தவறுகிறது என்று புது மாணவர்களையே கணக்கிட வையுங்கள்.